மூன்றாவது தடவையும் எல்லாம் அழிந்துவிட்டது: ரெக்கோர்ட் பண்ணும் டிகோடர் மலையகத்தில் யாருக்காவது ஒழுங்காக வேலை செய்கிறதா?

மேட்டுலயம் | ஞாயிறு, இரவு 9.40

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக் கோபம்.

வீடு பொகவந்தலாவைப் பக்கம். 2023இல் டிஷ் டிவியின் சாதாரண டிகோடரைக் கொடுத்துவிட்டு, உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிற, ரெக்கோர்ட் பண்ணுகிற பெட்டியை எடுத்தேன். கொம்பனிப் பெயர் வேண்டாம், சொன்னால் இழை வேறு பக்கம் போய்விடும். எடுத்ததே அம்மாவுக்காகத்தான். தேயிலை மலையில் வேலை முடிந்து இறங்கி, குளித்து, அடுப்பு வேலை முடித்து உட்காரும்போது அவருடைய நாடகம் பாதி ஓடியிருக்கும். முதல் மூன்று மாதம் வீட்டில் நான்தான் ராஜா. எட்டரைக்கு அம்மா ரிமோட்டை எடுப்பார், விளம்பரத்தையும் அழுகைக் காட்சியையும் ஓட்டிவிட்டு அரைமணி நாடகத்தைப் பதினைந்து நிமிஷத்தில் முடிப்பார்.

நாலாவது மாதம் ஆரம்பித்தது. சில பதிவு 7ஆவது நிமிஷத்தில் நிற்கும். சிலது பட்டியலில் பெயரோடு இருக்கும், திறந்தால் 0 நிமிஷம். ரிமோட்டை அழுத்தினால் பெட்டி யோசிக்கும். அதற்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு பார்த்தால் "பதிவுகள் எதுவும் இல்லை" என்று திரை சொன்னது. அது முதல் தடவை. இரண்டாவது தடவை 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் வந்தது என்று அமைச்சரே சொன்னார். எங்கோ பாய்ந்த குரங்கு எங்கள் அம்மாவின் 43 நாடகத்தைத் தின்றுவிட்டது.

சேவை இலக்கத்துக்கு எடுத்தால் தமிழுக்கு 2ஐ அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டு. ஒருமுறை 26 நிமிஷம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் எடுத்தவர் சிங்களத்தில், தமிழ் பேசுகிறவர் இன்றைக்கு லீவு என்றார். சரி, சிங்களத்திலேயே சொன்னேன். பெட்டியை ஓஃப் பண்ணி 5 நிமிஷம் கழித்து ஓன் பண்ணுங்கள் என்றார். ஒவ்வொரு முறையும் அதே 5 நிமிஷம். ஒவ்வொரு முறையும் புது முறைப்பாட்டு இலக்கம். பழைய இலக்கத்தைச் சொன்னால், "அது மூடியாச்சு." யார் மூடினது? கையில் இப்போது 11 இலக்கம் இருக்கிறது, லொத்தர் சீட்டு மாதிரி.

இனி மூன்றாவது தடவை. இதற்காகத்தான் எழுத வந்தேன்.

இந்த வருஷம் மாசியில் பக்கத்துத் தோட்டத்துக் காமன் கூத்தை, அதுதான் மன்மதன் கதையை ஆடுகிற கூத்தை, ஒரு டிவிக்காரர்கள் வந்து எடுத்தார்கள். எங்கள் அப்பாதான் அங்கே கூத்து வாத்தியார். 71 வயது. ஒரு சனிக்கிழமை மாலை 18 நிமிஷம் போட்டார்கள். ரெக்கோர்ட் பண்ணி, அழியாமல் இருக்க அதற்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தேன். அப்பா அதை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கில்லை. கதிரையை டிவிக்கு ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் குரல் வரும்போது தொடையில் தாளம் போடுவார்.

போன மாதம் ஹட்டனிலிருந்து ஒரு பையன் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தான். நான் வேலையில். மெனுவுக்குள் போய் டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணி எல்லாவற்றையும் அழித்துவிட்டான், 4 நிமிஷ வேலை. "தம்பி, அதில் மாமாவுடைய கூத்து இருக்கு" என்று என் மனைவி சொல்லியிருக்கிறார். "அக்கா, மேலே இருந்து இதைத்தான் செய்யச் சொல்லியிருக்காங்க" என்றானாம். அவன் படலையைத் தாண்டுவதற்குள் என் போனுக்குக் குறுஞ்செய்தி: உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. மூன்றாம் நாள் பெட்டி மறுபடி 7ஆவது நிமிஷத்தில் நின்றது.

அதை மீட்க வழி இருக்கிறதா? எங்கே முறையிடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிப்பூனை | ஞாயிறு, இரவு 10.05

நுவரெலியாவிலிருந்து. எங்கள் வீட்டுப் பெட்டி ரெக்கோர்ட் பண்ணுவதை நிறுத்தி ஒரு வருஷம். ஆனால் சூடு மட்டும் ஒழுங்காக வருகிறது. பூனை அதன் மேல்தான் படுக்கிறது. டிசம்பர் மாதத்துக்கு நல்ல பெட்டி.

கொழும்பு13 | ஞாயிறு, இரவு 10.20

2025இலும் ரெக்கோர்டரா? எல்லாம் யூடியூபில் வருகிறதே. போனில் பார்த்துவிட்டுப் போகலாமே.

மேட்டுலயம் | ஞாயிறு, இரவு 10.31

தம்பி, எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) போன் எடுக்கத் தண்ணீர்த் தாங்கி இருக்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். பேர் சும்மா வரவில்லை. அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய் நாடகம் காட்டவா? அந்தக் கூத்து நிகழ்ச்சியை டிவிக்காரர்கள் யூடியூபில் போடவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

கொழும்பு13 | ஞாயிறு, இரவு 10.34

சரி அண்ணே, மன்னிக்கவும். தெரியாமல் கேட்டுவிட்டேன்.

திருப்புளி | திங்கள், காலை 6.15

தலவாக்கலையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருஷம் டிஷ் பூட்டினேன். அந்தப் பையனை ரொம்பத் திட்டாதீர்கள். எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று காசு. பெட்ரோல் நம்முடையது. நோர்வூட்டில் ஒன்று, மஸ்கெலியாவில் ஒன்று, சாமிமலையில் ஒன்று என்று ஒரே நாளில் கொடுப்பார்கள். மீட்டர் எடுத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்குச் சோறு இல்லை. ஃபோர்மட் பண்ணினால் பெட்டி இரண்டு நாளைக்கு நன்றாக ஓடும், வேலை முடிந்தது என்று அனுப்பலாம். ஆனால் கேட்காமல் ஃபோர்மட் பண்ணினது பெரிய தப்புத்தான். நான் செய்ததில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

இனி பெட்டி விஷயம். இந்தப் பெட்டிகள் நீங்கள் ரெக்கோர்ட் பண்ணும்போது மட்டும் எழுதுவதில்லை. நேரலையை நிறுத்திப் பின்னால் ஓட்டுகிறோம் இல்லையா, அதற்காக ஓடுகிற சேனலை எந்நேரமும் டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும். நிறையப் பெட்டிகளில் ரிமோட்டால் ஓஃப் பண்ணினாலும் டிஸ்க் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரம் கரண்ட் போனால், எந்தப் பதிவு டிஸ்கில் எங்கே இருக்கிறது என்கிற குறிப்பு பாதி எழுதினபடி நின்றுவிடும். படம் அங்கேயேதான் இருக்கும், அட்டவணை கிழிந்த புத்தகம் மாதிரி. "பதிவுகள் இல்லை" என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். சில பெட்டி தானாகவே திருத்திக்கொள்ளும். அதற்கு ஒரு இரவு விட வேண்டும். ஓஃப் பண்ணி 5 நிமிஷத்தில் ஓன் பண்ணச் சொல்வது அந்த வேலையைத்தான் கெடுக்கும்.

மேட்டுலயம் அண்ணே, ஒன்று கேட்கிறேன். பெட்டியில் காதை வைத்தால் "டிக்... டிக்... ங்ங்" என்று மறுபடி மறுபடி சத்தம் வருகிறதா?

மேட்டுலயம் | திங்கள், மதியம் 12.50

வருகிறது! முக்கியமாக ரெக்கோர்ட் தொடங்கும்போது. பல்லி என்று நினைத்தோம்.

திருப்புளி | திங்கள், மதியம் 1.10

பல்லியாகவும் இருக்கலாம், நான் பெட்டிக்குள் பல்லி முட்டை எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் டிஸ்க் சுழலப் பார்த்து, முடியாமல் நின்று, மறுபடி முயற்சி பண்ணுவது. டிஸ்க் செத்துப்போனாலும் அப்படி வரும், பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற அடப்டர் பலம் குறைந்தாலும் அப்படித்தான் வரும். டிஸ்க்கைக் குற்றம் சொல்வதற்கு முன் அடப்டரை அளக்க வேண்டும். யாராவது அளந்தார்களா?

மேட்டுலயம் | திங்கள், மதியம் 1.12

இரண்டு வருஷத்தில் யாரும் அந்த அடப்டரைத் தொட்டதுகூட இல்லை.

அப்புத்தளைக் காற்று | திங்கள், மாலை 5.45

என் கதை வேறு. மழை பெய்தால் பதிவு துண்டு துண்டாக வருகிறது. எடுத்துச் சொன்னால், "உங்கள் பக்கம் மலை மறைக்குது மிஸ்" என்கிறார்கள். மூன்று வருஷமாக இல்லாத மலை இப்போது எங்கிருந்து வந்தது?

ராஜவேலு மாஸ்டர் | திங்கள், மாலை 6.30

விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் பார்க்கிற தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பவை. இலங்கை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவை நமக்கு வானத்தில் நல்ல உயரத்தில் தெரியும். ஐரோப்பாவில் டிஷ் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், மலை மறைக்கும் என்றால் அங்கே நியாயம். இங்கே மலை வீட்டுக் கூரைக்கு மேல் வந்து குனிந்தால்தான் மறைக்கும். அத்தோடு செய்மதியும் நகராது, மலையும் நகராது. நேற்று வந்த படம் இன்றைக்கு வரவில்லை என்றால் நகர்ந்தது டிஷ், அல்லது வளர்ந்தது மரம்.

மழை உண்மையான காரணம். டிஷ் டிவி பாவிக்கிற கே-யு அலைவரிசை 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே. அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், கனமழைத் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். பனிமூட்டம் ஒன்றும் செய்யாது, அதன் துளி மிகச் சிறியது. பனியில் படம் போகிறது என்றால் டிஷ்ஷையும், அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலை வாங்கியான எல்என்பியையும் பார்க்கச் சொல்லுங்கள் பிள்ளை.

அப்புத்தளைக் காற்று | திங்கள், இரவு 8.20

நன்றி மாஸ்டர். இப்போதுதான் வெளியே போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன். டர்பன்டைன் மரக் கிளை ஒன்று டிஷ்ஷுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. காற்றடித்தால் ஆடுகிறது. மலைதான் மறைக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள், ஒருவர்கூடக் கூரையைப் பார்க்கவில்லை.

திருப்புளி | திங்கள், இரவு 8.41

கிளையை வெட்டும்போது எல்என்பியின் முன் மூடியையும் பாருங்கள் அக்கா. வெயிலில் வெடித்திருந்தால் உள்ளே தண்ணீர் போகும்.

கூரைப் பேச்சு வந்ததால் இன்னொன்று. சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்நேரம் இடி இடிக்கும்போது எல்லோரும் பிளக்கைக் கழற்றுகிறார்கள். டிஷ் வயரைக் கழற்றுவதில்லை. மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும். பெட்டியின் பின்னால் திருகு மாதிரி இருக்கிறதே, அதையும் கழற்றிவிடுங்கள். இடிக்குப் பிறகு என் கடைக்கு வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்த வழியாக எரிந்ததுதான்.

இருதலை | செவ்வாய், காலை 7.30

எல்லாம் சரி, ஆனால் கொம்பனியை மட்டும் குறை சொல்வது நியாயமா? 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் பேக்டரியில் இயந்திரம் போட்டவுடன் எங்கள் லயத்து பல்ப் மங்குகிறது. பெட்டி என்ன செய்யும்?

மேட்டுலயம் | செவ்வாய், காலை 7.52

கரண்ட் ஒழுங்காக வராது என்று தெரிந்துதானே எங்களுக்கு விற்றார்கள்? கொழும்பில் எடுத்தாலும் பொகவந்தலாவையில் எடுத்தாலும் மாதக் கட்டணம் ஒன்றுதான். பெட்டி பழுதாவதில் எனக்குக் கோபம் இல்லை. நாங்களும் மெஷினோடு வேலை செய்கிறவர்கள்தான், பழுதாகும் என்று தெரியும். 11 தடவை எடுத்தேன், 11 தடவையும் முதலிலிருந்து கதை சொன்னேன். முன்பு சொன்னதை யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்தால், கரண்ட் போகும் நேரம்தான் வருகிறது என்று அவர்களே பிடித்திருப்பார்கள்.

இருதலை | செவ்வாய், காலை 8.03

அதில் தப்பில்லை.

பழைய கிளாக்கர் | செவ்வாய், பகல் 11.15

மகன், முறையிடுவது பற்றிக் கேட்டீர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இருக்கிறது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 1977க்கு எடுக்கலாம். ஆனால் எடுத்துவிட்டு இருக்காமல் எழுத்தில் கொடும். பொருளோ சேவையோ பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெட்டி வாங்கியது 2023 என்றால் அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். போன மாதம் வந்து ஃபோர்மட் பண்ணினதும் ஒரு சேவைதான், அந்தத் திகதியைப் பிடியும்.

அது அரச நிறுவனம், தமிழிலேயே எழுதலாம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. கொம்பனி தமிழில் பேசவில்லை என்பதற்கு அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அவர்கள் தனியார். ஆனால் தமிழுக்கு 2 என்று சொல்லிவிட்டு 26 நிமிஷம் பாட்டுப் போட்டதைக் கடிதத்தில் எழுதும், படிக்கிறவருக்கு விளங்கும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. 11 இலக்கத்தையும் திகதியோடு வரிசையாகப் போடும். கோபத்தை எழுத வேண்டாம். என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் எழுதும்: பெட்டி மாற்ற வேண்டுமா, காசு வேண்டுமா. நிறையப் பேர் நாலு பக்கம் எழுதி, என்ன வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். ஒரு பிரதியைக் கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பும், பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

மேட்டுலயம் | செவ்வாய், இரவு 9.00

ஐயா, இன்றைக்கே எழுதிவிட்டேன். முதலில் மூன்று பக்கம் வந்தது. மனைவி வாசித்துவிட்டு இரண்டைக் கிழித்தார்.

திருப்புளி, அந்தக் கூத்து? கம்பியூட்டரில் டிஸ்க்கைப் போட்டு எடுக்க முடியுமா?

திருப்புளி | செவ்வாய், இரவு 9.25

பொய் சொல்ல மாட்டேன். இந்த மாதிரிக் கட்டண டிவிப் பெட்டிகள் பதிவைப் பூட்டித்தான் எழுதும், சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கம்பியூட்டரில் போட்டாலும் படமாக வராது. ஃபோர்மட் பண்ணின பிறகு அதன் மேல் ஒரு மாதமாக நேரலை வேறு எழுதியிருக்கும். காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைக்கு ஒரு வேலையாக வருகிறேன். வீட்டுக்கு வரட்டுமா? மீட்டர் கொண்டு வருகிறேன்.

சாமிமலைச் செல்வி | புதன், அதிகாலை 5.10

அண்ணா, அந்த நிகழ்ச்சியை நாங்களும் பார்த்தோம். சவூதியில் இருக்கிற அக்காவுக்கு அனுப்புவதற்காக டிவியைப் போனில் எடுத்தேன். 3 நிமிஷம்தான் இருக்கிறது. ரதியும் மன்மதனும் ஆடுகிற இடம். பாடுகிறவர் முகம் வராது, குரல் வரும். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் இரண்டு தடவை கேட்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மேட்டுலயம் | திங்கள், இரவு 8.15

நிலவரம் எழுதுகிறேன்.

திருப்புளி நேற்று வந்தார். அடப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறது. சும்மா இருக்கும்போது மீட்டரும் 12தான் காட்டியது. பெட்டியை ஓன் பண்ணி, டிஸ்க் சுழலத் தொடங்கினதும் எங்கள் கண் முன்னாலேயே 10க்குக் கீழே இறங்கி, டிக் என்று நின்று, மறுபடி ஏறியது. அடப்டரைப் பிளந்து காட்டினார். கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உளுந்து வடை மாதிரி உப்பியிருந்தது. தன் பையிலிருந்த அடப்டர் ஒன்றைப் போட்டார். ஐந்து பதிவு வைத்தோம், ஐந்தும் முழுசாக வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார், அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்து அனுப்பினார்.

இன்றைக்குக் கொம்பனியிலிருந்து ஒருவர் எடுத்தார். பதிவுத் தபால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நல்ல தமிழ். இவ்வளவு நாள் இவரை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் தெரியவில்லை. இரண்டு மாதக் கட்டணம் கழிப்பதாகவும் பெட்டியை மாற்றித் தருவதாகவும் சொன்னார். பெட்டி நல்லாத்தான் இருக்கிறது, அடப்டர்தான் கெட்டது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சேர், அடப்டர் மட்டும் மாற்றுவதற்கு எங்கள் சிஸ்டத்தில் இடம் இல்லை" என்றார். அதிகாரசபைக்குக் கொடுத்த கடிதத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. கேட்காமல் அழித்ததற்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான்.

செல்வி தங்கச்சி, நீங்கள் அனுப்பியதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டார். முதல் விசிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். முடிந்ததும், "தப்பு மேளம் அடிக்கிறவன் பிந்துறான், அன்றைக்கே சொன்னேன்" என்றார். இப்போது என் போன் அவரிடம்தான் இருக்கிறது.

பனிப்பூனை | திங்கள், இரவு 8.40

அப்போ என் பெட்டியும் அடப்டரா? பூனையை எழுப்பிவிட்டுப் பார்க்கிறேன்.

லிந்துலை 7 | வியாழன், மாலை 6.05

புதிதாகச் சேர்ந்தேன். எனக்கும் டிக் டிக் சத்தம். கடையில் 12 வோல்ட் 1 அம்பியர் ஒன்றும் 3 அம்பியர் ஒன்றும் இருக்கிறது. பெட்டிக்கு வந்தது 2 அம்பியர். எதை வாங்குவது? 3 போட்டால் பெட்டி எரிந்துவிடுமா?

திருப்புளி | வியாழன், இரவு 7.20

எரியாது. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது. 3ஐ வாங்குங்கள். செருகுகிற முனையின் உள்ளே பிளஸ், வெளியே மைனஸ் என்று ஸ்டிக்கரில் ஒரு சின்னப் படம் இருக்கும். பழையதும் புதியதும் ஒரே மாதிரியா என்று பார்த்துவிட்டுக் குத்துங்கள்.